கை தூக்காத அண்ணன்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும்,

வணக்கம். ஆபாசப் படப் பழக்கத்திலிருந்து மீண்டு, ஒரு வருடம், மூன்று வருடம், சிலர் எட்டு வருடம் என்று தெளிவாக இருக்கிற தமிழ் பேசும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். உங்களில் பலரை எனக்குக் குரலை வைத்துத்தான் தெரியும். சிலர் சொல்கிற பெயர் உண்மைப் பெயராக இருக்காது. இருக்கவும் வேண்டாம். நம் ஞாயிறு இரவு ஆன்லைன் கூட்டம் முடியும்போது ஒரு கேள்வி வருமே, "ஸ்பான்சராக இருக்க முடிந்தவர்கள் கை தூக்குங்கள்" என்று? ஸ்பான்சர் என்றால், புதிதாக வருபவருக்குத் துணையாக நிற்கும், முன்னால் மீண்டு வந்த ஒருவர். அந்தக் கேள்வியைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

போன வருடம் ஆடி மாதத்தில் ஒரு ஞாயிறு. திரையில் பதினேழு கட்டங்கள். பாதிக்கு மேல் கேமராவை அணைத்திருந்தார்கள். ஒரு கட்டத்தில் மட்டும் கொடிக்கயிறும் அதில் காயப்போட்ட துண்டும் தெரிந்தன. விடுதி அறையாக இருக்க வேண்டும். (அந்தப் பையனை யாரும் அடையாளம் காணாதபடி சிலவற்றை மாற்றித்தான் எழுதுகிறேன்.) கேள்வி வந்தது. யாரும் பேசவில்லை. ஒருவர் மட்டும் மைக்கை அணைக்க மறந்திருந்தார். அவர் வீட்டு குக்கர் விசில் அடித்தது எல்லாருக்கும் கேட்டது. அப்போது அந்தப் பையன் சாட்டில் எழுதினான்: "அண்ணா தமிழ்ல பேசுறவங்க யாராச்சும் இருக்கீங்களா". கூட்டத்தை நடத்தியவர், ஆங்கிலமும் இந்தியும் பேசும் ஸ்பான்சர்களின் பட்டியலை அனுப்புவதாகச் சொன்னார். "சரிங்க" என்று எழுதினான். அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை.

அன்றைக்குக் கை தூக்காதவர்களில் நானும் ஒருவன். அப்போது எனக்கு இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகியிருந்தது. அதனால் இதை உங்களைக் குற்றம் சாட்டும் மடலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்று நான் செய்ததை இன்னொருவர் செய்யக் கூடாது என்கிற ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

தமிழில் ஒரு ஸ்பான்சர் கிடைப்பது ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பீர்கள். வாசிக்க ஆங்கிலத்தில் எல்லாம் இருக்கிறது, நம் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் தெரியும். என் கதையையே சொல்கிறேன்.

என் முதல் ஸ்பான்சர் மும்பையில் இருந்த ஒரு நல்ல மனிதர். ஆறு மாதம் வாரம் தவறாமல் ஆங்கிலத்தில் பேசினோம். விழுந்த நாட்களில் நான் அவரிடம் சொல்வது இரண்டே வார்த்தை: "ஆக்டட் அவுட்". மறுபடி பார்த்துவிட்டேன் என்பதற்குக் கூட்டங்களில் சொல்கிற வார்த்தை அது. அவரும் அன்பாக, சரி, மறுபடி முதல் நாளிலிருந்து தொடங்குவோம் என்பார். அந்த இரண்டு வார்த்தைக்குள் எல்லாவற்றையும் மூடி வைத்துக்கொள்ள முடிந்தது. அது எனக்கு வசதியாகவும் இருந்தது. அப்புறம் கோயம்புத்தூரில் ஒரு அண்ணன் கிடைத்தார். குடியிலிருந்து மீண்டு பல வருடம் ஏ.ஏ.வில் (குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் உதவும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸில்) இருந்தவர், பிறகு இந்தப் பிரச்சினைக்காகவும் வந்தவர். முதல் போனிலேயே நான் "சார், நேற்று ஆக்டட் அவுட்" என்றேன். "சார் வேண்டாம், அண்ணான்னு கூப்பிடு. இங்கிலீஷையும் விடு. என்ன பார்த்த, எங்க உட்கார்ந்து பார்த்த, அப்ப வீட்ல யார் இருந்தாங்க? தமிழ்ல சொல்லு" என்றார்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். வாய் வரவில்லை. அவர் அவசரப்படுத்தவில்லை. லைனில் அவர் வண்டிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் நின்றேன். கடைசியில் சொன்னேன்: "பாப்பா பக்கத்து ரூம்ல காய்ச்சலோட படுத்திருந்தாண்ணா. தண்ணி கேட்டா. ரெண்டு தடவ கேட்டா. நான் எந்திரிக்கல."

இந்த வாக்கியத்தை ஆங்கிலத்தில் ஆறு மாதமாக நான் சொல்லாமலே கடத்தியிருந்தேன். தமிழில் சொன்ன பிறகு அது எனக்குப் பின்னால் வந்துகொண்டே இருந்தது. எனக்கு மீட்சி தொடங்கியது அங்கேதான்.

நம் மொழியில் இதைப் பேச வார்த்தை இல்லை என்று சிலர் சொல்வார்கள். வார்த்தைகள் இருக்கின்றன, ஆனால் அவை வேறு காரியத்துக்கானவை. "பிட்டுப் படம்", "பலான படம்", "அந்த மாதிரி வீடியோ" எல்லாம் டீக்கடையில் தோளில் கைபோட்டுச் சிரிக்கிறபோது வருகிற சொற்கள். இன்னொரு பக்கம் வசவுச் சொற்கள், ஒழுக்கப் பிரசங்கச் சொற்கள். நடுவில், "எனக்கு இது கைமீறிப் போய்விட்டது, உதவி வேண்டும்" என்று ஒரு மனிதன் மரியாதையோடு சொல்வதற்கான பேச்சு நமக்கு இன்னும் பழகவில்லை. குடிக்கு அது பழகியிருக்கிறது. "குடிகாரன்" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்த ஊரில் "குடிநோயாளி" என்ற சொல்லும் புழக்கத்துக்கு வந்தது. சென்னையில் 1980இல் சாந்தி ரங்கநாதன் தொடங்கிய சிகிச்சை மையம் போன்ற இடங்களும், தேவாலயக் கூடங்களிலும் பள்ளி அறைகளிலும் வாராவாரம் கூடிய ஏ.ஏ. கூட்டங்களும் அதற்கு உழைத்தன. ஒரு ஆள் இன்னொரு ஆளிடம் பேசிப் பேசித்தான் அந்த மொழி உருவாகியிருக்கும். நம்முடையதும் அப்படித்தான் வர வேண்டும். அதைப் பேசத் தெரிந்த நீங்கள் பேசாமல் இருந்தால் வேறு யார் உண்டாக்குவார்கள்?

நீங்கள் பேசாத இடத்தில் வேறு ஆட்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். மாதம் ஒரு தேதியில் ஊர் ஊராக லாட்ஜில் அறை எடுத்து, "இளமையில் செய்த தவறு", "நரம்புத் தளர்ச்சி" என்று பயம் காட்டி லேகியம் விற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முந்தைய வருடம் நானும் அப்படி ஓர் அறையின் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தேன். இரண்டு மாதச் சம்பளத்தைக் கொடுத்தேன். விந்து போனால் உயிர் போகும் என்கிற பயத்தோடு வீட்டுக்கு வந்தேன். அந்தப் பயம் தாங்காமல் அன்று இரவே மறுபடி பார்த்தேன். இந்தப் பயத்துக்கு மருத்துவத்தில் 1960லேயே என்.என்.விக் என்ற இந்திய மனநல மருத்துவர் "தாத் சிண்ட்ரோம்" என்று பெயர் வைத்துவிட்டார். அது வேறு பிரச்சினை, நம்முடையது வேறு என்று எனக்கு அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. ஒரு அண்ணன் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும்.

இதில் நாமும் கவனமாக இருக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11ஆவது பதிப்பில் கட்டுக்கடங்காத பாலியல் நடத்தையை ஒரு கோளாறாகச் சேர்த்திருக்கிறது. அது 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அங்கேயும் அதைப் போதைப் பழக்கங்களோடு வைக்கவில்லை, உந்துதலைக் கட்டுப்படுத்த முடியாத கோளாறுகளோடு வைத்திருக்கிறார்கள். ஆறு மாதமோ அதற்கு மேலோ நீடிக்க வேண்டும், வேலையோ குடும்பமோ உடம்போ பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், நிறுத்தப் பார்த்தும் முடியாமல் போயிருக்க வேண்டும். இன்னொன்றையும் தெளிவாகச் சொல்கிறார்கள்: இது பாவம், தப்பு என்ற மனக்குத்தல் மட்டுமே இருந்தால் அதைக் கோளாறு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. மாதத்துக்கு இரண்டு முறை பார்த்துவிட்டு, தான் நாசமாகிவிட்டதாக அழுதுகொண்டு வரும் பத்தொன்பது வயதுப் பையனும், அலுவலகக் கழிப்பறையில் ஒரு மணிநேரம் உட்கார்ந்து வேலையை இழந்த நாற்பது வயதுக்காரரும் ஒன்றில்லை. முதல் பையனுக்குத் தேவை பெரும்பாலும் ஓர் ஆறுதல். அவன் தலையில் "அடிமை" என்று முத்திரை குத்தி அனுப்பிவிடாதீர்கள்.

சரி, உங்கள் தயக்கங்களுக்கு வருகிறேன். அவை என்னவென்று எனக்குத் தெரியும்; என்னுடையவையும் அவையே.

"எனக்கு என்ன தகுதி இருக்கிறது? நான் மருத்துவரா?" 1935 மே மாதம் அமெரிக்காவின் ஆக்ரன் நகரத்தில் ஒரு ஹோட்டல் வரவேற்பறையில் பின்னாளில் ஏ.ஏ.வைத் தொடங்கிய இருவரில் ஒருவரான பில் வில்சன் என்ற பங்குச் சந்தை ஆள் நின்றுகொண்டிருந்தார். வந்த காரியம் தோற்றுப்போயிருந்தது, கையில் காசில்லை, குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. பக்கத்தில் பாரிலிருந்து சிரிப்புச் சத்தம். குடிக்காமல் அந்த இரவைக் கழிக்க வேண்டுமென்றால் இன்னொரு குடிநோயாளியிடம் பேசியாக வேண்டும் என்று அவருக்குப் பட்டது. அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்துப் போன் போட்டார். அப்படித்தான் மறுநாள், குடிநோயாளியான அறுவை மருத்துவர் டாக்டர் பாப்பைச் சந்தித்தார். பதினைந்து நிமிடம்தான் என்று சொல்லிக்கொண்டு வந்த பாப், ஆறு மணிநேரம் உட்கார்ந்துவிட்டார். அந்த இருவரில் மருத்துவர் யார் என்று பாருங்கள். உதவி பெற்றவர்தான் மருத்துவர். பில் அன்று அவருக்கு உபதேசம் செய்யப் போகவில்லை, தான் பிழைப்பதற்காகப் போனார். இதை நான் புரிந்துகொள்ள எனக்கு இரண்டு வருடம் ஆனது. ஸ்பான்சர் என்றால் மேலே நின்று கை கொடுப்பவர் என்று நினைத்திருந்தேன். என் தம்பிகள் இரவு போன் செய்கிற நாட்களில் நான் பத்திரமாக இருக்கிறேன் என்பதே உண்மை.

"நான் எடுத்த ஆள் விழுந்துவிட்டால்?" விழுவான். அந்த டாக்டர் பாப்பே, பில்லைச் சந்தித்த ஒரு மாதத்துக்குள் அட்லாண்டிக் சிட்டிக்கு மருத்துவர் மாநாட்டுக்குப் போய், குடித்துவிட்டுத்தான் திரும்பினார். அதற்குப் பிறகு, ஜூன் 10ஆம் தேதி, அவருடைய கடைசிக் குடி. ஏ.ஏ. தன் பிறந்தநாளாகக் கொண்டாடுவது அந்தத் தேதியைத்தான். தான் எடுத்த ஆள் விழுந்ததும் பில், எனக்கு இது வராது என்று ஊருக்கு ரயில் ஏறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"நானே நடுவில் சறுக்கியிருக்கிறேனே?" குடியை விட முடியும் என்று பில்லிடம் முதலில் வந்து சொன்ன பழைய நண்பர் எபி தாச்சர். அவர் அதன் பிறகு பலமுறை மறுபடி குடிக்குள் விழுந்தார். ஆனாலும் கடைசிவரை பில் அவரைத் தன் ஸ்பான்சர் என்றே சொல்லிவந்தார். சறுக்கியவர் உடனே ஒரு தம்பியை எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. முதலில் தன்னைச் சரி செய்துகொள்ளட்டும். ஆனால் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒருமுறை விழுந்ததைச் சொல்லிக்கொண்டு இன்றைக்கும் கையை மடியிலேயே வைத்திருப்பது சரியில்லை, அண்ணா.

"வெளியே தெரிந்துவிட்டால்?" இந்தப் பயத்தை நான் லேசாக எடுக்க மாட்டேன். சின்ன ஊர், ஒரே சாதி சனம், மாமனார் வீடு பக்கத்துத் தெரு. அதற்கு வழி இருக்கிறது. தனி சிம் ஒன்று, புகைப்படம் இல்லாத வாட்ஸ்அப், முதல் பெயர் மட்டும், உங்கள் மாவட்டத்துக்காரராக இல்லாத தம்பி. நான் எடுத்த முதல் தம்பி எந்த ஊர் என்று எனக்கு ஐந்து மாதம் தெரியாது.

நேரம் இல்லை என்பவர்களுக்கு, நேரக் கணக்கையே சொல்கிறேன். கோவை அண்ணன் என்னிடம் செய்ததுதான் அது. இரவு பத்து மணிக்கு போனைப் படுக்கையறைக்கு வெளியே வைக்கச் சொன்னார். எங்கே வைப்பாய் என்று கேட்டார். சமையலறையில் கிரைண்டர் பக்கத்தில் என்றேன். காலையில் எழுப்ப அலாரம் வேண்டுமே என்றேன். ஒரு மணிக்கடிகாரம் வாங்கு என்றார். போனை வைப்பதற்கு முன்னால் ஒரே ஒரு வார்த்தை அவருக்கு அனுப்ப வேண்டும்: "வச்சிட்டேன்". அவர் "சரி" என்று பதில் போடுவார். அவ்வளவுதான். ஒரு நாள் 10.20 ஆகியும் நான் அனுப்பவில்லை. போன் அடித்தது. "கையில இருக்கா, கிரைண்டர்கிட்ட இருக்கா?" என்றார். கையில்தான் இருந்தது. பேசிக்கொண்டே நடந்து போய் வைத்தேன். அந்த "வச்சிட்டேன்"களை ஒருநாள் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன், நானூறைத் தாண்டியிருந்தது. வாரத்துக்கு ஒரு மணிநேரம், மீட்சிக்கான பன்னிரண்டு அடிகளைப் பற்றிய பேச்சு, தினம் ஒரு "சரி", எப்போதாவது ஒரு அவசர அழைப்பு. இதுதான் ஒரு ஸ்பான்சரின் நேரம்.

அந்த ஒரு மணிநேரத்தில் என்ன பேசுவது? முதல் வேலை, எதிலிருந்து விலகுகிறோம் என்பதை இருவரும் ஒத்துக்கொள்வது. இதில் கூட்டமைப்புகளுக்குள்ளேயே வித்தியாசம் உண்டு. 1979இல் தொடங்கிய செக்ஸஹாலிக்ஸ் அனானிமஸில் தெளிவு என்பதற்கு எல்லாருக்கும் ஒரே வரையறை, அதுவும் கறாரானது: கணவன் அல்லது மனைவியோடு அல்லாமல் தனியாகவோ பிறரோடோ எதுவும் கூடாது. 1977இல் தொடங்கிய செக்ஸ் அடிக்ட்ஸ் அனானிமஸில் ஒவ்வொருவரும் ஸ்பான்சரோடு உட்கார்ந்து மூன்று வட்டம் போட்டுத் தாங்களே வரைந்துகொள்வார்கள். நீங்கள் எதைப் பின்பற்றுகிறீர்கள் என்று தம்பியிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அவன் ஒரு கூட்டத்தில் தேறி இன்னொரு கூட்டத்தில் தோற்றவனாகக் குழம்புவான்.

எனக்கு வட்டம் உதவியது. உள் வட்டத்தில், எதைத் தொட்டால் விழுந்துவிட்டேன் என்று அர்த்தமோ அது. நடு வட்டத்தில், அங்கே கொண்டுபோய் விடுகிற வழிகள்: போனோடு கழிப்பறைக்குப் போவது, படுத்துக்கொண்டு ரீல்ஸ் தள்ளுவது, மாதக் கடைசிக் கணக்கு முடிக்கிற இரவுகளில் சாப்பிடாமல் இருப்பது, மனைவியோடு சண்டை போட்டுவிட்டுப் பேசாமல் படுப்பது, வெளியூர் வேலைக்குப் போய் லாட்ஜில் தனியாகத் தங்குவது. வெளி வட்டத்தில் நன்மை செய்பவை: பாப்பாவை சைக்கிளில் கூட்டிப் போவது, விடியற்காலை நடை, அண்ணனுக்கு போன். என் விழுகை எதுவும் உள் வட்டத்தில் தொடங்கவில்லை என்று அந்தத் தாளைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. எல்லாமே பசியிலோ கோபத்திலோ தனிமையிலோ களைப்பிலோ, நடு வட்டத்தில் தொடங்கியவை.

அப்புறம் ஒன்பதாம் அடி, நம்மால் பாதிக்கப்பட்டவர்களிடம் போய்ச் சரிசெய்வது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். புதிதாக வந்த உற்சாகத்தில் பலர் நள்ளிரவில் மனைவியை எழுப்பி எல்லாவற்றையும் கொட்டிவிடுகிறார்கள். கொட்டியவருக்கு மனம் லேசாகிவிடுகிறது. கேட்டவருக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விடுகிறது. அந்த அடியிலேயே, பிறருக்குத் தீங்கு வரும் என்றால் செய்யாதே என்ற நிபந்தனை இருக்கிறது. என் அண்ணன் என்னை எட்டு மாதம் காக்க வைத்தார். பொய் சொல்லச் சொல்லவில்லை. அவள் கேட்டால் மறைக்காதே, ஆனால் உன் பாரத்தை இறக்க அவளைச் சுமைதாங்கிக் கல்லாக ஆக்காதே என்றார். கடைசியில் ஒரு ஆலோசகரின் முன்னிலையில்தான் நாங்கள் பேசினோம். இப்படி நிதானம் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் உடைந்துபோன வீடுகள் இருக்கின்றன.

கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் சிலர் இதனாலேயே ஒதுங்கி நிற்கிறார்கள். அடிகளில் "நாம் உணர்ந்த விதத்தில்" என்றுதான் இருக்கிறது. கறுப்புச் சட்டை போட்ட ஒரு தோழர் அந்த இடத்தில் கூட்டத்தையே வைத்துக்கொண்டு நாலு வருடமாகத் தெளிவாக இருக்கிறார். அவரைப் போன்றவர்களும் ஸ்பான்சர்களாக வேண்டும். நம்பிக்கையில்லாத தம்பிகளும் வருகிறார்கள்.

எல்லை எது என்பதையும் மனம் விட்டுச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பொறுப்பு தெரியாமல் கை தூக்கச் சொல்வது நியாயமில்லை. காசு வாங்கக் கூடாது, ஒரு ரூபாய்கூட. மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லக் கூடாது. பலருக்கு இந்தப் பழக்கத்துக்கு அடியில் மனச்சோர்வோ பதற்றமோ சின்ன வயதில் பட்ட காயமோ இருக்கும். அது உங்கள் கைக்கு அடங்காது. சாக வேண்டும் போலிருக்கிறது என்று ஒரு தம்பி சொன்னால், அடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்காமல் 14416க்கு அழைக்கச் சொல்லுங்கள், நீங்களும் லைனில் இருங்கள். அது அரசின் டெலி மானஸ் சேவை. தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பெங்களூருவில் உள்ள மனநல மருத்துவமனையான நிம்ஹான்ஸில் 2014இலிருந்து தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கென்றே ஒரு சிகிச்சைப் பிரிவு நடக்கிறது. போகிற தூரத்தில் இருப்பவர்களுக்கு அதைச் சொல்லலாம். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2020இல் வந்த காக்ரேன் தொகுப்பாய்வு, குடியை முழுதாக விடுவதில் ஏ.ஏ. வழியும் அதை ஒட்டிய சிகிச்சைகளும் மற்ற நிலைபெற்ற சிகிச்சைகளைவிடப் பல நேரம் நன்றாக உதவுவதாகச் சொன்னது. அது குடிக்கான ஆய்வு. அதைத் தூக்கி நம் விஷயத்துக்குச் சான்றிதழாகக் காட்டித் தம்பிகளுக்கு வாக்குக் கொடுக்காதீர்கள். நமக்கு உதவியது என்று சொல்லுங்கள், அது போதும்.

சட்டம் ஒன்று இருக்கிறது. பெரியவர்களின் ஆபாசப் படத்தைத் தனியாகப் பார்ப்பது வேறு. குழந்தைகளை வைத்து எடுத்தது வேறு. 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், குழந்தைகளை வைத்து எடுத்ததைப் பற்றிய ஒரு வழக்கை ரத்து செய்தபோது, இளைய தலைமுறை இந்தப் பழக்கத்தில் சிக்கியிருக்கிறது, தண்டிப்பதை விட்டு வழிகாட்டும் முதிர்ச்சி சமூகத்துக்கு வேண்டும் என்று சொன்னது. அந்தத் தீர்ப்பை உச்ச நீதிமன்றம் அதே ஆண்டு செப்டம்பர் 23இல் ரத்து செய்தது. குழந்தைகள் மீதான சுரண்டல் பதிவுகளை வைத்திருப்பதும் பார்ப்பதும் குற்றம் என்று தெளிவாக்கியது. அதைப் படம் என்று சொல்லாதீர்கள், சுரண்டல் என்று சொல்லுங்கள் என்றும் சொன்னது. வழிகாட்டும் முதிர்ச்சி வேண்டும் என்ற வரி எனக்குப் பிடித்த வரிதான். ஆனால் அங்கே ஒரு குழந்தை இருக்கிறது என்பதை நாம் மறக்கக் கூடாது. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, குழந்தைக்கு எதிரான குற்றம் நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் தெரிவிக்க வேண்டும் என்கிறது. நம் அநாமதேயம் அதற்கு மேலே போகாது. தவறுகளை இன்னொருவரிடம் ஒப்புக்கொள்ளும் ஐந்தாம் அடிக்கு உட்காரும் முன்பே இதைத் தம்பியிடம் சொல்லிவிடுங்கள். அப்படி ஒன்று வந்தால் தனியாகத் தூக்கிக்கொண்டு அலையாமல் வழக்கறிஞரிடம் போங்கள். ஒரு குழந்தை இப்போது ஆபத்தில் இருந்தால் 1098க்கு உடனே அழையுங்கள்.

அக்காக்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. நீங்கள் எண்ணிக்கையில் குறைவாக இருப்பதுபோல் தெரிவதற்குக் காரணம் நீங்கள் பேச இடமில்லாததே என்று நினைக்கிறேன். பெண்களுக்குப் பெண்களே ஸ்பான்சராக இருப்பது நம் வழக்கம், அதற்கு நல்ல காரணமும் இருக்கிறது. ஆனால் அதனால், கூட்டத்துக்கு வருகிற ஒரு தங்கைக்குத் தமிழில் பேச ஒருவரும் இல்லாமல் போகிறது. ஆண்கள் நிறைந்த திரையில் கேமராவை அணைத்துக்கொண்டு, வாய் திறக்காமல் ஒரு மணிநேரம் இருந்துவிட்டுப் போன பெண்களை நான் பார்த்திருக்கிறேன். ஆம்பளைங்க பிரச்சினை என்று ஊரே சொல்கிற ஒன்றைத் தனக்கும் இருக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு இரண்டு மடங்கு தைரியம் வேண்டும். உங்களில் ஒருவர் கை தூக்கினாலே அந்தக் கூட்டம் வேறு கூட்டமாகிவிடும்.

2016 செப்டம்பருக்குப் பிறகு டேட்டா விலை சரிந்து, நம் ஊரில் எல்லார் கைக்கும் இது வந்துவிட்டது. 2018இல் அரசு எண்ணூற்றுச் சொச்சம் தளங்களைத் தடுத்தது. வேறு பெயரில் திறந்துகொண்டார்கள். தடுப்பு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. என் போனிலும் தடுப்பு போட்டிருக்கிறேன், அதன் கடவுச்சொல் கோவை அண்ணனிடம் இருக்கிறது. என்னைத் தெரிந்த ஒரு ஆள் கையில் அது இருப்பதால்தான் அந்தத் தடுப்பு நிற்கிறது.

நான் கேட்பது இதுதான். ஆளுக்கு ஒருவர். பத்துப் பேர் வேண்டாம், ஒரே ஒரு தம்பி அல்லது தங்கை. ஆறு மாதத்துக்கு மட்டும் என்று சொல்லித் தொடங்கலாம். "தற்காலிக ஸ்பான்சர்" என்று அதற்கு வழக்கமே இருக்கிறது. ஒத்துவரவில்லை என்றால் வருத்தமில்லாமல் வேறொருவரிடம் மாற்றி விடலாம். முதல் வாரம் என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் எனக்குச் செய்தி அனுப்புங்கள், நான் என் அண்ணனைக் கேட்டுச் சொல்கிறேன். மூன்று வட்டம், தன்னையே ஆராய்ந்து பார்க்கும் நான்காம் அடிக்கான கேள்விகள் எல்லாவற்றையும் எளிய தமிழில் எழுதி வைத்திருக்கிறோம். அதைத் திருத்தவும் உங்கள் கை வேண்டும்.

துண்டு காய்ந்த அந்த அறையின் பையன் மூன்று மாதம் கழித்துத் திரும்பி வந்தான். இடையில் என்ன நடந்தது என்று அவன் சொன்னதை இங்கே எழுத மாட்டேன், அது அவனுடையது. அன்றைக்குக் கேள்வி வந்தபோது நான் கை தூக்கினேன். கை நடுங்கியது. இப்போது தினம் பத்து மணிக்கு அவனிடமிருந்து "வச்சிட்டேண்ணா" வருகிறது. இரண்டு நாள் வரவில்லை. அந்த இரண்டு நாளும் நான் கூப்பிட்டேன், எடுத்தான்.

வரும் ஞாயிறு இரவு எட்டரை மணிக்குக் கூட்டம். இப்போது காத்திருப்போர் பட்டியலில் தமிழில் கேட்டு நான்கு பேர் இருக்கிறார்கள், அதில் ஒருவர் பெண். ஒன்பதரை மணி வாக்கில் அந்தக் கேள்வி வரும்.

அன்புடன்,
திருப்பூரிலிருந்து உங்கள் தம்பி